சோயா எங்கே பரவியது, எதை அழித்துப் பரவியது: செயற்கைக்கோள் படங்களால் வரைபடம் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் சொரிசோ என்று ஓர் ஊர் இருக்கிறது. போர்த்துகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் புன்னகை என்று பொருள். குயாபா நகரிலிருந்து வடக்கே சாந்தரேம் துறைமுகத்துக்குப் போகும் பிஆர்-163 நெடுஞ்சாலையில், தெற்கு 12.5 பாகை, மேற்கு 55.7 பாகை அளவில் அமைந்திருக்கிறது. 1980களின் நடுவில் எடுத்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தையும் சென்ற ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்தால், பசுமைக்குள் சில கட்டங்களாக இருந்த இடம் கட்டங்களுக்குள் கொஞ்சம் பசுமையாக மாறியிருப்பது தெரியும்.

உடனே "சோயா பரவிவிட்டது" என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். அந்த இரண்டு படங்களும் சொல்வது மரம் போனதை மட்டும்தான். போன இடத்தில் முதலில் மாடு மேய்ந்ததா, நெல் விளைந்ததா, பருத்தி வந்ததா, சோயா எந்த ஆண்டு வந்தது என்பதையெல்லாம் நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்தத் தோண்டலுக்கானது. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினும், வரைபடம் தயாரிக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் ஓரளவு பழக்கமானவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் பிரேசில்.

வேலையின் அளவு புரிய ஒரு கணக்கு: மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2021இல் வெளியிட்ட வரைபடத்தின்படி, தென் அமெரிக்காவில் சோயா பயிரான பரப்பு 2000இல் 2.64 கோடி ஹெக்டேர், 2019இல் 5.51 கோடி ஹெக்டேர். பிரேசிலின் அமேசான் பகுதியில் மட்டும் 4 லட்சம் ஹெக்டேர் 46 லட்சமாகியிருக்கிறது.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த எல்லைக்குள், எந்தப் பருவத்திலிருந்து எந்தப் பருவம் வரை, எதிலிருந்து சோயாவாக மாறியதைக் கணக்கிடப் போகிறேன்? "எதிலிருந்து" என்பதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் எட்டாவது படியில் வந்து முட்டிக்கொள்வீர்கள்.

"ஆண்டு" என்று எழுதாமல் "பருவம்" என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே சோயாவை செப்டம்பர் கடைசியில் விதைக்கத் தொடங்கி, ஜனவரி முதல் மார்ச் வரை அறுக்கிறார்கள். பயிர் புத்தாண்டைத் தாண்டி நிற்கிறது. என் முதல் முயற்சியில் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று படங்களை வடிகட்டினேன். ஒவ்வோர் ஆண்டிலும் போன பயிரின் வாலும் வரும் பயிரின் தலையும் ஒட்டிக்கொண்டன. எந்த மென்பொருளும் அதைப் பிழை என்று சொல்லவில்லை. அழகான, முழுக்கத் தவறான வரைபடம் கிடைத்தது. ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை ஒரு பருவமாக வையுங்கள். பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, காடழிப்பைக் கணக்கிடும் தன் புரோடெஸ் திட்டத்திலும் அதே ஆகஸ்ட்-ஜூலை கணக்கைத்தான் வைத்திருக்கிறது. பிறகு இரண்டையும் ஒப்பிடுவது எளிது.

படி 2: பட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்களின் வாரிசுகளுக்கு இந்தப் படி எளிதாகப் புரியும். 10 மீட்டர் பிக்சலில் சோயா இலையின் வடிவம் தெரியாது. ஒரே ஒரு படத்தில் சோயாவும் பருத்தியும் மக்காச்சோளமும் பச்சைதான். செயற்கைக்கோள் சோயாவை அடையாளம் காண்பது அதன் பட்டத்தைக் கொண்டு: எப்போது முளைத்தது, எப்போது உச்சிக்குப் போனது, எவ்வளவு வேகமாக விழுந்தது.

மாட்டோ குரோசோவின் பட்டம் இப்படிப் போகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, சுமார் மூன்று மாதம், வயலில் உயிருள்ள சோயாச் செடியே இருக்கக் கூடாது என்பது சட்டம். 2001இல் பிரேசிலில் தென்பட்ட ஆசியத் துரு நோயின் சங்கிலியை அறுக்கக் கொண்டுவந்த கட்டாயத் தரிசு அது. நமக்கோ அது இலவச வடிகட்டி: ஆகஸ்டில் அடர்பச்சையாக இருக்கும் எந்த நிலமும் அப்போது சோயா நிலமல்ல. காடோ, கரும்போ, யூகலிப்டஸ் தோப்போ, பாசன வயலோதான்.

மழை தொடங்கியதும் விதைப்பு. உழவில்லா விதைப்பு பரவலாக இருப்பதால் முந்தைய பயிரின் தாளும் சருகும் மூடாக்காகக் கிடக்கும். அக்டோபர் படத்தில் வயல் சிவப்பு மண்ணாகத் தெரியாமல் வெளிறித் தெரிவது அதனால்தான். டிசம்பரில் இலை மூடி, பசுமைக் குறியீடான என்டிவிஐ 0.85ஐத் தாண்டும். காய் முற்றியதும் சோயா இலை மஞ்சளாகி மொத்தமாக உதிர்ந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் குறியீடு 0.3 அளவுக்குச் சரியும். மேய்ச்சல் நிலம் மழைக்காலத்தில் இப்படிச் செங்குத்தாக விழாது. மழையில்லாத மாதங்களில் மெல்ல மெல்லத்தான் வாடும்.

அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே விதைப்பு இயந்திரம் வருகிறது என்று சொல்லுமளவுக்கு, உடனே இரண்டாம் போகம். பெரும்பாலும் மக்காச்சோளம், சில இடங்களில் பருத்தி. "சஃப்ரிஞ்ஞா", அதாவது குட்டி அறுவடை, என்பது அதற்கு அங்கே வழங்கும் பெயர். இப்போது பிரேசிலின் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு அந்தக் குட்டியிலிருந்துதான் வருகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆகவே இரண்டு திமில், நடுவே ஜனவரி-பிப்ரவரியில் ஒரு பள்ளம் என்ற வரைகோடு மாட்டோ குரோசோவில் கிடைத்தால், முதல் திமில் சோயா என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஒரே நீண்ட திமிலாக ஜூன் வரை போனால் அது முதல் போகப் பருத்தி.

இந்தப் பாடத்தை அடுத்த மாநிலத்துக்கு அப்படியே தூக்கிப் போகாதீர்கள். மரன்யாவோ, டோக்கான்டின்ஸ், பியாவி, பாயியா மாநிலங்களின் எல்லைகள் கூடும் மடோபிபா பகுதியில் மழை தாமதமாக வருவதால் விதைப்பும் தாமதம். பல வயல்களில் ஒரு போகம்தான். மேற்குப் பாயியாவில் வட்டவட்டமான பாசன வயல்கள் தம் விருப்பப்படி பயிர் மாற்றும். தெற்கே பரானாவில் கோடை மக்காச்சோளம் சோயாவுடன் ஒரே நேரத்தில் நிற்கும். அங்கே பட்டம் மட்டும் போதாது. பசுமை உச்சத்தின்போது, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு, குற்றலை அகச்சிவப்பு அலைப்பட்டைகளைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டிலும் சோயா மக்காச்சோளத்தைவிடப் பளிச்சென்று இருக்கும்.

படி 3: எந்தக் கண்ணால் பார்ப்பது

2017க்குப் பிந்தைய பருவங்கள் மட்டும் போதுமென்றால் ஐரோப்பாவின் சென்டினல்-2 எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு செயற்கைக்கோள்கள், 5 நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் பிரிதிறன். குற்றலை அகச்சிவப்பு போன்ற சில அலைப்பட்டைகள் 20 மீட்டர். இதில் ஒரு பொறி உண்டு. 2022 ஜனவரி 25 முதல் அதன் செயலாக்க முறை மாறி, பிக்சல் எண்களுடன் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் பழைய படங்களோடு சேர்த்தால், 2022இல் கண்டம் முழுவதும் பசுமை குறைந்தது போலத் தெரியும். எர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த "ஹார்மனைஸ்டு" தொகுப்பு தனியாக இருக்கிறது, அதையே எடுங்கள்.

நீண்ட வரலாறு வேண்டுமென்றால் லேண்ட்சாட்தான். குயாபாவில் இருக்கும் இன்பேயின் தரைநிலையம் 1973 முதல் லேண்ட்சாட் படங்களைப் பெற்றுவருகிறது. 2008இல் அமெரிக்கா மொத்தக் களஞ்சியத்தையும் இலவசமாக்கியது. 1980கள் முதல் 30 மீட்டர் பிரிதிறன், ஒரு செயற்கைக்கோள் அதே இடத்துக்குத் திரும்ப 16 நாள். இரண்டாம் தொகுப்பின் தரைப் பிரதிபலிப்பு எண்களை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழித்தால்தான் உண்மை மதிப்பு வரும். மறந்தால் என்டிவிஐ மந்தமாகிவிடும்.

லேண்ட்சாட் 7இன் வரிப்பிழையை மறக்க வேண்டாம். 2003 மே 31 முதல் அதன் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 விழுக்காடு கறுப்புக் கோடுகளாகப் போய்விட்டது. 2011 நவம்பரில் லேண்ட்சாட் 5இன் கருவியும் நின்றது. லேண்ட்சாட் 8 ஏவப்பட்டது 2013 பிப்ரவரியில். அதாவது 2011-12, 2012-13 ஆகிய இரண்டு பருவங்களில் கைக்குக் கிடைப்பது வரிவிழுந்த படங்கள் மட்டுமே. அந்த இரண்டு பருவங்களில் உங்கள் வரைபடம் திடீர் சரிவைக் காட்டினால், விவசாயியைச் சந்தேகிப்பதற்கு முன் செயற்கைக்கோளைச் சந்தேகியுங்கள்.

அந்த ஓட்டையை அடைப்பது நாசா செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ் கருவி. பிக்சல் 250 மீட்டர், அதாவது ஒரு பிக்சலுக்கு 6.25 ஹெக்டேர், ஆனால் அன்றாடம் பார்க்கிறது, 2000 முதல் இருக்கிறது. மாட்டோ குரோசோவில் ஒரு வயலே நூற்றுக்கணக்கான ஹெக்டேர் என்பதால் இது தாராளமாகப் பொருந்தும். இதே முறையை மத்தியப் பிரதேசத்தின் மால்வா சோயா வயல்களில் செய்து பார்க்க நினைப்பவர்கள் மோடிஸை மறந்துவிடலாம். அங்கே ஓரிரு ஹெக்டேர் துண்டுகள், அதுவும் தென்மேற்குப் பருவமழை மேகத்துக்குக் கீழே.

படி 4: மேகத்தோடு மல்லுக்கட்டு

பிரேசிலிலும் சோயா வளரும் மாதங்கள்தான் மழை மாதங்கள். நமக்கு மிகவும் தேவையான டிசம்பர், ஜனவரிப் படங்கள்தான் மிகவும் மோசமாக இருக்கும். மொத்தப் படத்தில் மேகம் 20 விழுக்காட்டுக்குக் குறைவு என்று வடிகட்டுவது இங்கே தற்கொலைக்குச் சமம். 80 விழுக்காடு மேகமுள்ள படத்திலும் உங்கள் வயல் மேல் ஓர் ஓட்டை திறந்திருக்கலாம். எல்லாப் படங்களையும் எடுத்து, பிக்சல் பிக்சலாக மேகத்தையும் அதன் நிழலையும் நீக்குங்கள். சென்டினல்-2க்கு, ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெளிவு என்று மதிப்பெண் தரும் கிளவுட் ஸ்கோர் பிளஸ், லேண்ட்சாட்டுக்கு அதனுடனேயே வரும், மேகத்தைக் குறித்துக்காட்டும் தரப்பட்டை போதும். அதன்பின் 15 நாள் இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடைநிலை மதிப்பு எடுத்து, விடுபட்ட இடைவெளிகளை இருபுற மதிப்புகளால் நிரப்புங்கள்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் எத்தனை மேகமற்ற பார்வைகள் கிடைத்தன என்று ஒரு தனிப் படலம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை நான்குக்கும் குறைவு என்றால் அந்த இடத்தில் உங்கள் வரைபடம் ஊகம்தான். அங்கே ரேடார் கைகொடுக்கும். சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகம் ஒரு பொருட்டல்ல. சோயா இலை மூடும்போது அதன் விஎச் எதிரொலி (செங்குத்து அலையாக அனுப்பிக் கிடைமட்ட அலையாகப் பெறுவது) ஏறும், இலை உதிரும்போது இறங்கும். ஆனால் இரட்டையரில் ஒன்றான சென்டினல்-1பி 2021 டிசம்பரில் செயலிழந்ததால், அடுத்த சில பருவங்களில் படங்கள் குறைவு.

படி 5: மாதிரிப் புள்ளிகள்

வகைப்படுத்தும் மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்க மாதிரிகள் வேண்டும். நெடுஞ்சாலையில் காரில் போய்க்கொண்டே இருபுறமும் குறிப்பது மலிவான வழி; ஆனால் சாலையோர வயல்கள் பழையவை, பெரியவை, வளமானவை. பரவலின் விளிம்பு சாலையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்வதானால், தற்செயலாகத் தேர்ந்த புள்ளிகளின் ஆண்டு முழு வரைகோட்டைப் பார்த்து, தெளிவான உயர்பிரிதிறன் படத்தோடு சேர்த்துக் கண்ணால் முடிவெடுங்கள். ஐயமிருந்தால் "தெரியவில்லை" என்று எழுதத் தயங்காதீர்கள்.

மேப்பயோமாஸ் திட்டம் 1985 முதல் பிரேசில் முழுமைக்கும் ஆண்டு வரைபடம் தருகிறது. அதில் சோயாவுக்குத் தனி வகையும் உண்டு. மூன்று பருவம் தொடர்ந்து சோயா என்று அது சொல்லும் இடங்களின் நடுப்பகுதியிலிருந்து பயிற்சி மாதிரி எடுக்கலாம். ஆனால் அதே வரைபடத்தை வைத்து உங்கள் துல்லியத்தையும் அளந்தால், காப்பியடித்த மாணவனே தாள் திருத்தியது போலாகும். ஒரே வயலின் ஒரு மூலையில் பயிற்சிப் புள்ளி, மறு மூலையில் சோதனைப் புள்ளி என்று வைப்பதும் அதே வகைதான். வயல் வயலாக, முடிந்தால் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துவிடுங்கள்.

சோயா அல்லாதவற்றுக்கும் தாராளமாக மாதிரி எடுங்கள்: பருத்தி, கரும்பு, மேய்ச்சல் நிலம், செராடோ (பிரேசிலின் சவானா) புதர்க்காடு, ஆற்றோரக் காடு, தரிசு.

படி 6: வகைப்படுத்துதல்

எல்லோரும் அதிகம் பேசும் படி இது; எனக்குச் சொல்லக் குறைவாக இருப்பதும் இதுவே. பல முடிவு மரங்களின் வாக்கெடுப்பால் வகைப்படுத்தும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறை, 300 மரங்களோடு, போதும். பசுமை உச்சம், உச்சம் வந்த நாள், ஜனவரி-பிப்ரவரிப் பள்ளத்தின் ஆழம், உச்ச நாளில் குற்றலை அகச்சிவப்பு, ஆகஸ்டின் பசுமை, ரேடார் எதிரொலி ஆகியவற்றை உள்ளே கொடுங்கள். ஆழ்கற்றல் முறையால் ஓரிரு விழுக்காடு கூடலாம். நல்ல மாதிரிகளால் அதைவிடக் கூடும். முடிந்ததும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிதறல்களை நீக்குங்கள். சோயா, சோயா அல்லாதது, மீண்டும் சோயா என்று வரும் நடு ஆண்டைத் தானியங்கியாகச் சோயா ஆக்கிவிடாதீர்கள். அந்த ஆண்டு உண்மையாகவே பருத்தி போட்டிருக்கலாம்.

படி 7: பிக்சலை எண்ணிப் பரப்பு சொல்லாதீர்கள்

வரைபடம் கைக்கு வந்ததும் சோயா பிக்சல்களை எண்ணி ஹெக்டேராக்கி அறிவிப்பதுதான் இந்தத் துறையின் பொது வியாதி. வரைபடத்தின் பிழைகள் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. மாதிரிகளைக் கொண்டு பரப்பை மதிப்பிட வேண்டும். கற்பனை எண்களோடு செய்து காட்டுகிறேன்.

மொத்தம் 40 லட்சம் ஹெக்டேர். உங்கள் வரைபடம் 10 லட்சத்தைச் சோயா என்கிறது, 30 லட்சத்தை இல்லை என்கிறது. சோயா பகுதியில் தற்செயலாக 200 புள்ளிகள் போட்டுச் சரிபார்க்கிறீர்கள்; 184 உண்மையில் சோயா, அதாவது 92 விழுக்காடு. மறு பகுதியில் 400 புள்ளிகள்; அவற்றில் 12 சோயாவாக இருந்தன, 3 விழுக்காடு. இப்போது மதிப்பீடு: 10 லட்சத்தில் 92 விழுக்காடு 9,20,000. 30 லட்சத்தில் 3 விழுக்காடு 90,000. கூட்டினால் 10,10,000 ஹெக்டேர். அற்பமாகத் தெரிந்த அந்த 3 விழுக்காட்டில் 90,000 ஹெக்டேர் ஒளிந்திருந்ததைக் கவனியுங்கள்.

அடுத்து நிச்சயமின்மை. ஒவ்வொரு பகுதியிலும் பரப்பின் வர்க்கத்தை p(1−p) ஆல் பெருக்கி, புள்ளி எண்ணிக்கையில் ஒன்று குறைத்து அதனால் வகுங்கள். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். p என்பது அந்தப் பகுதியில் கண்ட சோயா விகிதம். இங்கே சுமார் 32,000 ஹெக்டேர் திட்டப்பிழை வரும். 95 விழுக்காடு நம்பகத்துக்கு 1.96ஆல் பெருக்கினால் கூட்டல் கழித்தல் 63,000. ஐந்து ஆண்டுக்கு முந்தைய மதிப்பீடு இதே அளவு பிழையோடு 9,60,000 என்று இருந்திருந்தால், "50,000 ஹெக்டேர் பரவியது" என்று தலைப்பு போட உங்களுக்கு உரிமை இல்லை. புள்ளிகளைக் கூட்டுங்கள், அல்லது இடைவெளி அதிகமுள்ள பருவங்களை ஒப்பிடுங்கள்.

பிரேசிலின் புள்ளிவிவர நிறுவனமான ஐபிஜிஇ நகராட்சி வாரியாகச் சோயாப் பரப்பை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதோடு ஒரு சிதறல் வரைபடம் போட்டுப் பாருங்கள். ஒரு நகராட்சி மட்டும் வெகு தூரம் விலகி நின்றால், அங்கே மேகப் படலத்தையும் பருத்தியையும் மறுபடி பாருங்கள். பரப்பைக் கணக்கிடும்போது சம பரப்புத் தளப்படுத்தல் (பரப்பைச் சிதைக்காமல் உருண்டையைத் தட்டையாக்கும் முறை) வேண்டும். பாகை அளவில் இருக்கும் படத்தில் எண்ணாதீர்கள்.

படி 8: முன்பு அங்கே என்ன இருந்தது

இரண்டு பருவத்துச் சோயா வரைபடங்களைக் கழித்தால் புதுச் சோயா கிடைக்கும். அதன் அடியில் பழைய நிலப்பரப்பை விரிக்க வேண்டும். எதை விரிக்கிறீர்கள் என்பதில்தான் விடை ஒளிந்திருக்கிறது. புரோடெஸ் அமேசானுக்கு 1988 முதலும், செராடோவுக்கு 2000 முதலும் இருக்கிறது. ஆனால் அமேசானில் அது முதன்மைக் காட்டை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஒருமுறை வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த காட்டை மறுபடி வெட்டினால் அதன் கணக்கில் வராது. மர மூட்டத்தை வைத்துச் செய்யும் உலகளாவிய காட்டு வரைபடங்களோ, மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் திறந்த செராடோவைக் காடு என்றே பார்க்காமல் விட்டுவிடும். மடோபிபாவில் சோயா வந்தது பெரும்பாலும் அந்த நிலத்தில்தான்.

அடுத்து இடைவெளி. காட்டை வெட்டிய மறுநாளே சோயா வருவதில்லை. அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இட வேண்டும். முதலாண்டு நெல் போட்டு நிலத்தைப் பழக்குவது பழைய வழக்கம். இன்னொரு பாதை, பத்து ஆண்டு மாடு மேய்த்துவிட்டுச் சோயாவுக்கு விடுவது. மேரிலாண்ட் குழுவின் முடிவுப்படி புதுச் சோயாவில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலங்களில்தான் வந்தது. 2016 வரை பார்த்தால் கண்டத்தின் காடழிப்பில் 9 விழுக்காடு நிலம் சோயாவாகியிருந்தது.

ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். 2010இல் அமேசான் காட்டை வெட்டினார்கள், 2018 வரை மாடு, 2019இல் சோயா. வெட்டி மூன்று ஆண்டுக்குள் விதைத்தால்தான் சோயாவால் வந்த காடழிப்பு என்று நீங்கள் விதி வைத்திருந்தால், இது "மேய்ச்சல் நிலத்திலிருந்து சோயா". 2006இல் சோயா வணிகர்கள் செய்துகொண்ட அமேசான் உடன்பாடு, 2008 ஜூலைக் கெடுவுக்குப் பின் வெட்டிய நிலத்தின் சோயாவை விலக்கியது; அதன்படி இந்த வயலின் விளைச்சலை வாங்கக் கூடாது என்றிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டத்தில் கெடு 2020 டிசம்பர் 31. அதன் கணக்கில் இந்த வயல் சுத்தம். அதே வயல் செராடோவில் இருந்தால் அமேசான் உடன்பாடு அதைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. பிக்சல் ஒன்றுதான், தீர்ப்பு ஆளுக்கு ஒன்று.

அதனால் ஒரே விதியில் கணக்குப் போட்டு நிறுத்தாதீர்கள். 3, 5, 10 ஆண்டு இடைவெளிகளுக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டு மூன்றையும் அட்டவணையில் தாருங்கள். கெடு நாள், காட்டுக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட வரையறை, இடைவெளி விதி ஆகிய மூன்றும் வரைபடத்தின் குறிவிளக்கத்திலேயே அச்சாக வேண்டும், பின்னிணைப்பில் அல்ல. வரைபடம் வெட்டி எடுக்கப்பட்டுப் பரவும்போது பின்னிணைப்பு கூடவே போகாது.

சோயாவுக்கு நிலத்தை விற்ற பண்ணைக்காரர் அந்தப் பணத்தில் வடக்கே போய்ப் புதிதாகக் காடு வாங்கி வெட்டினாரா என்பதை எந்தப் பிக்சலும் காட்டாது. அதற்கு நிலப் பதிவேடும் மாட்டுப் போக்குவரத்துச் சீட்டும் வேண்டும். அவை கையில் இல்லாதபோது குறிவிளக்கத்தில் "2018இல் மேய்ச்சல் நிலம், 2019இல் சோயா" என்று மட்டும் எழுதுங்கள்.